உடன் வந்தவர்

திங்கட்கிழமை மாலைகளில் நான் தலைக்குச் சாயம் பூசிக்கொள்வேன். அழகுக்காக அல்ல. மறுநாள் என் தம்பி என்னைப் பார்ப்பான். அவன் கண்ணுக்கு நான் முப்பத்து நான்கு வயதுக்காரியாகத் தெரிய வேண்டும்.

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரே ஒரு பயிற்சிப் பெண் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவன் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "என்னக்கா, முன்பக்கம் எல்லாம் நரைச்சிட்டு?" என்றான். அதற்குப் பிறகு அவளுடைய எந்தக் கேள்விக்கும் அவன் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போய்விட்டது.

பயிற்சி நிலையத்தை நடத்திய சிவசுப்பு சார் அன்று மாலை என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒரு சின்ன உபகாரம்."

"டை அடிக்கணுமா?"

"ஆமா. அப்புறம் அந்தப் பச்சைச் சேலை... அதையே கட்டிட்டு வந்தா நல்லது. வேற சேலைன்னா அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. கேட்டுட்டாருன்னா?"

அந்தப் பச்சைச் சேலை இற்றுப்போனபோது, அதே பச்சையில் அதே கரையில் இன்னொன்று தேடி டவுன் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். கடைக்காரப் பெண் வேறு நல்ல நிறங்களாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். இது யாருக்குப் பிடித்த நிறம் என்று கேட்டாள். பில் போடச் சொன்னேன்.

என் தம்பி குற்றாலநாதன் இறந்து அப்போது ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

வீட்டில் அவனைக் குத்தாலம் என்போம். கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னோடும் என் கணவர் நயினாரோடும்தான் இருந்தான். ஒரு நாள் இனி ஏற மாட்டேன் என்று கம்பத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு வேலைக்குப் போகவில்லை, தூங்கவில்லை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தட்டையே பார்த்தான். நான் அவனைப் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே கிளினிக்கல் சைக்காலஜி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவனிடம் வாரா வாரம் பேசினாள். பழைய இரண்டு வருடப் படிப்பின் கடைசித் தொகுதியைச் சேர்ந்தவள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருந்தார்கள். பேசியதை எல்லாம் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். குத்தாலமே கையெழுத்துப் போட்டான்.

முதல் நாள் அவள், "அக்கா கூட இருக்கலாமா, வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அக்கா இருக்கட்டும்" என்றான். அதனால் எல்லா நாளும் இருந்தேன்.

கடைசி நாள் பேச்சு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் அவன், "ஒண்ணு சொல்லணும்" என்றான். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு, "ஒண்ணுமில்ல" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "என்னல சொல்ல வந்த?" என்று கேட்டேன். "மறந்துட்டுக்கா" என்று சிரித்தான். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவன் இல்லை. அவனே முடிவெடுத்துப் போய்விட்டான்.

சில வருடங்கள் கழித்துத்தான் சிவசுப்பு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்க மறந்து பேசினார்.

"முன்னால எம்.ஃபில்னு ரெண்டு வருஷம். பிள்ளைகள் வார்டுலயே கிடப்பாங்க. அத எடுத்துட்டாங்க. எடுத்துட்டு அடுத்து என்னன்னு யோசிக்கதுக்கே காலம் ஓடிட்டு. ஜில்லாவுக்கு ஒரு ஆளு கூட இல்லாமப் போச்சு. இப்ப புது வழி. எம்.ஏ. முடிச்சிட்டு ஒரே வருஷம். வார்டுக்குப் போக வேண்டாம். பாட நோயாளிதான்."

"பொம்மையா?" என்றார் நயினார்.

"பொம்மைன்னு சொல்ல முடியாது சார். ஒருத்தர் பேசின பதிவு, அவரு போன்ல கிடக்கிறது, எழுதி அழிச்சது, எல்லாத்தையும் குடுத்தா அது அவராவே உக்காந்து பேசும். பிள்ளைகள் தப்பு பண்ணினாலும் யாருக்கும் சேதமில்ல. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சிக்கிடலாம்."

"சரி, அதுக்கு எங்க வீட்டு அம்மா எதுக்கு?"

"நம்மூர்ல எவனாவது ஆஸ்பத்திரிக்குத் தனியா வாரானா சார்? கூட ஒரு ஆளு வரும். முக்காவாசிக் கதைய அந்த ஆளுதான் சொல்லும். அதையும் மெஷினா செஞ்சு பாத்தோம். ரொம்ப ஒழுங்காப் பேசுச்சு. மாமியாளத் திட்டாம, பக்கத்து வீட்டுக்காரிய இழுக்காம, நேரா விஷயத்துக்கு வந்துட்டு. பிள்ளைகளே சிரிச்சிட்டாங்க. அதான் உயிரோட இருக்கவங்களையே கூப்பிடுதோம்."

ஒரே நிபந்தனை என்றார். ஆஸ்பத்திரியில் நான் அன்று சொன்னதை மட்டும்தான் சொல்ல வேண்டும். பின்னால் தெரிந்தது, பின்னால் தோன்றியது எதுவும் வாயில் வரக்கூடாது. "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வித்தாளா இருக்கணும்லா, டீச்சர்."

டீச்சர் என்று சொன்னால் என் வாய் அடைபடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் புவியியல் ஆசிரியை.

"அவன் அன்னைக்குச் சொல்லாததையும் அது சொல்லுமா?" என்று கேட்டேன்.

அவர் அப்போதுதான் காபியைக் குடித்தார். "சரியாக் கேட்டா சொல்லலாம். ஆனா அது அவரு மனசுல இருந்ததா, மெஷின் கட்டினதான்னு எங்களாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். நயினார் வேண்டாம் செம்பகம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறைக்கு ஜன்னல் ஒன்று, மேஜை ஒன்று. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆளுயரக் கண்ணாடித் திரை. அதற்குள் அவன் உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் பயிற்சிப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி. பக்கவாட்டில் இன்னொன்று. அதன் முதுகில் "உடன் வந்தவர்" என்று ஒட்டியிருக்கும். முதல் நாள் அவன், "எக்கா, உக்காரு" என்று சொன்னபோது, உட்காராமல் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வாரம் உட்கார்ந்தேன். பிறகு எல்லாம் பழகிவிட்டது. பழகியதுதான் கொடுமை.

பிள்ளை கேட்கும், "அக்கா இருக்கலாமா?" அவன் சொல்லுவான், "அக்கா இருக்கட்டும்." பிள்ளை கையிலிருக்கும் தொடுதிரைப் பலகையில் ஒரு இடத்தைத் தட்டும். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் உண்டு; கேட்டாயிற்று, கிடைத்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பும். எப்போதிருந்து தூக்கமில்லை, குடும்பத்தில் வேறு யாருக்காவது, சின்ன வயதில் எப்படி. நான் சொல்வேன். எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினேன் என்பதுகூட எனக்கு மனப்பாடம். கடைசியில், "உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவாரா?" என்று கேட்கும். நான், "எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்" என்பேன். அன்று அதைப் பெருமையோடு சொல்லியிருந்தேன். இப்போது அந்தப் பெருமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் கண்ணாடிக்குள் தலையைக் குனிந்துகொள்வான்.

உடன் வந்தவர் நம்பத்தகுந்தவரா, அவர் தரும் தகவல் போதுமானதா என்று பிள்ளைகள் எழுத வேண்டும். எல்லாரும் என்னை நம்பத்தகுந்தவர் என்றே எழுதினார்கள். போதுமானது என்றும் எழுதினார்கள்.

எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பையன் அவனை சார் சார் என்று கூப்பிட்டான். ஒருத்தி அவனுக்கு முன்னால் தானே அழுதுவிட்டாள். அவன் அவளைச் சமாதானப்படுத்தினான். எபனேசர் என்று ஒரு பிள்ளை வந்தான், வெண்ணெய் மாதிரிப் பேசுவான். தம்பி சொல்லாமல் விட்டதை அவன்தான் வெளியே கொண்டுவரப் போகிறான் என்று நான் நம்பினேன். அவனுடைய கடைசிச் சந்திப்பில் குத்தாலம், "ஒண்ணு சொல்லணும்" என்று சொன்னபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். எபனேசர் அவசரப்படவில்லை, காத்திருந்தான். குத்தாலம் திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல."

அடுத்த வாரம் புதுப் பிள்ளை. அக்கா இருக்கட்டும்.

விட்டுவிடலாம் என்று ஒருமுறை சிவசுப்பு சாரிடம் போய் நின்றேன். கூட வந்தவர் இல்லாத நோயாளியைப் பாடத்தில் வைத்திருக்க முடியாது என்றார். "மூடிருவாங்க, டீச்சர்."

"மூடினா?"

"அழிச்சிருவாங்க. சட்டம் அப்படி. திரும்ப எடுக்க முடியாது."

நாற்காலிக்குத் திரும்பிப் போனேன். நயினாரின் தங்கை மகள் கல்யாணம் செவ்வாய்க்கிழமை வந்தது; போகவில்லை. பள்ளியில் பதவி உயர்வு வந்தது, கோவில்பட்டிக்குப் போக வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். "அவன் கண்ணாடிக்குள்ள இருக்கான். நீ எதுக்குள்ள இருக்க?" என்று ஒரு நாள் நயினார் கேட்டார். நான் சாயக் கிண்ணத்தில் பிரஷ்ஷைத் தோய்த்தேன்.

தஸ்லிமா வந்தது அந்த வருடம்தான். மேலப்பாளையத்துப் பெண். முதல் நாளே தாமதமாக, மூச்சு வாங்க வந்தாள்.

குத்தாலம் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்பான். "வெளிய காத்து எப்படி?" காற்றாலைக்காரன் கேட்கிற கேள்வி அது. பிள்ளைகள் நல்லா இருக்கு என்பார்கள், இல்லாவிட்டால், "ஏன் அப்படிக் கேக்கீங்க?" என்று கேட்டு எழுதத் தயாராவார்கள். தஸ்லிமா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேம்பு ஆடல. மேகம் மட்டும் நகருது."

"அப்ப மேல காத்து இருக்கு" என்று அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

மற்றபடி அவளும் எல்லாரையும் போலத்தான் கேட்டாள். குறைவாகவே எழுதினாள். நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய கடைசிச் சந்திப்பில், அந்த வாக்கியம் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

எனக்கு விளங்கவில்லை. "நானா? அக்கா இருக்கட்டும்னு அவந்தானம்மா சொன்னான்."

"அது முத நாளு சொன்னது."

"நான் இங்கதான் இருக்கணும். அப்படித்தான் ஏற்பாடு."

"எங்க வீட்ல எட்டுப் பேருக்கா. ரெண்டே ரூமு. யாராச்சும் மனசு விட்டு ஒண்ணு பேசணும்னா எங்க உம்மா மத்த எல்லாரையும் கடைக்கு அனுப்பிருவாங்க. கொத்தமல்லி வாங்கிட்டு வா, தீப்பெட்டி வாங்கிட்டு வான்னு. கொத்தமல்லி வீட்ல இருக்கும். இருந்தாலும் போயிருவோம்."

நான் குத்தாலத்தைப் பார்த்தேன். அக்கா இருக்கட்டும் என்று அவன் சொல்லுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. சின்ன வயதில் பரீட்சை ஹால் வாசலில் கொண்டுபோய் விட்டால், நான் எப்போது கிளம்புவேன் என்று அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்பான்.

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நடைபாதையில் ஒரு டீ இயந்திரம் இருந்தது. இத்தனை வருடங்களில் நான் அதைக் கவனித்ததில்லை. ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு திரும்பினேன். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் வழியாக அவன் தெரிந்தான். குரல் வரவில்லை. அவன் கைகள் மட்டும் அசைந்தன. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது அவனுடைய பழைய பழக்கம். காற்றாலை எப்படிச் சுற்றும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் காட்டி டம்ளரைத் தட்டிவிட்டிருக்கிறான். எனக்கு முன்னால் அந்த அறையில் அந்தக் கைகள் ஒருநாளும் மடியை விட்டு எழுந்ததில்லை.

சிவசுப்பு சார் ஓடி வந்தார்.

"டீச்சர்! என்ன வெளிய நிக்கீங்க? டெஸ்ட் செல்லாது! உள்ள போங்க, உள்ள போங்க."

அவர் கை கதவுப்பிடிக்குப் போனது. நான் நகர்ந்து கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"சார், டீ குடிக்கீங்களா?"

"என்ன டீச்சர் இது?"

"அவன் பேசிட்டிருக்கான், சார்."

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சரி, எல்லாம் பதிவாகத்தான் செய்யுது. பரீட்சகர்கள் நாளைக்குத்தான் கேப்பாங்க. நீங்க வாரிசு. இப்பவே பக்கத்து ரூம்ல ஹெட்போன் போட்டுக் கேக்கலாம். வாங்க."

பக்கத்து அறையின் கதவு திறந்தேதான் இருந்தது. இத்தனை செவ்வாய்க்கிழமைகள் எதற்காக உட்கார்ந்திருந்தேனோ அது அங்கே, எழுந்து நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. நகர்ந்தால் அவர் கதவைத் திறந்துவிடுவார் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததே நான் இல்லாததால்தான். முதுகில் கதவின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. டீ ஆறிவிட்டது.

தஸ்லிமா வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சொன்னானா?"

"சொன்னாருக்கா."

"என்னம்மா சொன்னான்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத நான் சொல்லக்கூடாதுல்லக்கா."

சிவசுப்பு சார் முதலில் அவளைத் திட்டினார். விதி, ஒப்பந்தம், சமமான கேள்வித்தாள் எல்லாம் சொன்னார். பேசப் பேச அவர் முகம் மாறியது. நல்ல மனிதர்தான், அவருக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

"இத்தன வருஷத்துல யாருக்கும் வராதது வந்துருக்கு, டீச்சர். அடுத்த தொகுதியில இருந்து எல்லாருக்கும் இத வச்சிருவோம். கூட வந்தவங்கள வெளிய அனுப்பினா அஞ்சு மார்க்கு. சேத்திருவோம்."

"அப்ப அவன் அத ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் சொல்லுவானா?"

"கேட்டா சொல்லுவாரு."

"பரீட்சகர்களும் கேப்பாங்க?"

"ஆமா, மார்க்கு போடணும்லா."

"நான்?"

"நீங்க டீ குடிச்சிட்டு வரலாம், டீச்சர்."

நான் உள்ளே போனேன். அவன் இன்னும் முதலுக்குத் திருப்பப்படவில்லை. களைத்துப்போய் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தான். மழை விட்ட பிறகு வெளியே பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

"டீ நல்லா இருந்துச்சாக்கா?"

"தண்ணியா இருந்துச்சுல."

"வெளிய காத்து எப்படி?"

நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். "மேல இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு எப்படிச் சொல்லுவது?

அடுத்த வாரத்திலிருந்து வர மாட்டேன் என்றபோது சிவசுப்பு சார் நெடுநேரம் பேசினார். "இன்னைக்குப் பதிவும் சேந்து போயிரும், டீச்சர். கேக்காமலே விடுதீங்களா? இதுக்குத்தான வந்தீங்க?" ஆமாம் என்றேன். தஸ்லிமாவைப் பார்த்து அவர், "உனக்குச் சொல்லுதேன், நோயாளியே இல்லன்னா உன் டெஸ்டும் இல்ல. ஒரு வருஷம் திரும்பப் படிக்கணும். நீயாவது சொல்லும்மா" என்றார்.

"பரவாயில்ல சார்" என்றாள் அவள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னாள்.

அன்றே அழித்தார்கள். கையெழுத்தை நிதானமாகத்தான் போட்டேன். வீட்டுக்கு வந்து, செவ்வாய்க்கிழமைச் சேலையைத்தான் மடிக்க வராமல் மூன்று முறை பிரித்துப் பிரித்து மடித்தேன். இரண்டாம் முறையும் அவனை நானே வழியனுப்பியிருக்கிறேன். அவன் சொன்னது என்னைப் பற்றியதா, வேறு யாரைப் பற்றியதா, அந்தக் கம்பத்தின் உச்சியில் ஏதாவது நடந்ததா, இல்லை இயந்திரம் தானாகக் கட்டிக்கொண்டதா, எனக்குத் தெரியாது. தெரியாமலே என் தலை முழுக்க நரைத்துவிட்டது.

தூக்கம் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து. நயினார்தான் பிடிவாதமாக அழைத்துப் போனார். ஒரு சிறிய அரசு மருத்துவமனை. வரிசையில் உட்கார்ந்திருந்து, பெயர் சொல்லி உள்ளே போனால், மேஜைக்குப் பின்னால் தஸ்லிமா. என் நரைத்த தலையைப் பார்த்தாள், ஆனாலும் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தாள். என்னைத் தெரியும் என்று நயினாரிடம் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

"சார் கூட இருக்கலாமா, வெளிய இருக்கட்டுமா?"

"அவரு இருக்கட்டும்" என்றேன். யோசிக்காமல் வந்தது.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். என் மாமியாரைப் பற்றிக்கூடச் சொன்னார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படிச் சில வாரங்கள் போயின. இந்த உலகத்தில் என் தம்பி கடைசியாகச் சொன்னது ஓர் ஆளிடம் இருக்கிறது. அந்த ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்து, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்கிறாள். நான் அதைக் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு முன்னால் எனக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு நயினாரைப் பார்த்தாள்.

"சார், எனக்கு ஒரு உதவி. வெளிய கடையில ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வாறீங்களா?"

"கொத்தமல்லியா?" அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இப்பமா?"

"இப்பத்தான் சார்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சொல்லிவிட்டு, பழக்கத்தில், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் கைகள் மடியிலிருந்து எழுந்தன.